முகதாட்சண்யம்

குய்யாங்கில் மழை நின்றபாடில்லை.
நான்காம் மாடியில் நாங்கள் அறுபது பேர்,
ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவை.
முகங்களின் மேல் புள்ளி வைப்பது எங்கள் பிழைப்பு.

முன்பெல்லாம் முழு முகம் வரும்.
வாயோரம், தாடை, மூக்கு நுனி.
தலைக்கு நாலு ஃபென்.
பிறகு காய்ச்சல் வந்தது.
ஊரே வாயை மூடிக்கொண்டது.
ரயில் வாசல்களில் கருவிகள் தடுமாறி
ஆளாளுக்கு ஒரே சிவப்பு விளக்கைக் காட்டின.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
அந்தச் சில மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன.
வாடகை பாக்கியோடு
வீட்டுக்காரம்மாவின் எதிரிலேயே நடந்து போனேன்.
கவசத்துக்குள் வாய்விட்டு முனகினேன்.
மீன் கடை முக்கில் கம்பத்து கேமராவை நிமிர்ந்து பார்த்து
ஒருமுறை நாக்கை நீட்டினேன்.
அதற்குத் தெரியவில்லை.
முப்பத்தோரு வயதில் முதல் தடவையாக
என் முகம் என்னிடமே இருந்தது,
சட்டைப்பைக்குள் வைத்த கை மாதிரி.

"இனி மூக்குக்கு மேலே மட்டும்"
என்றார் மேற்பார்வையாளர் ஃபூ.
புருவத்துக்குப் பத்துப் புள்ளி, இமைக்குப் பன்னிரண்டு,
கண்ணோரச் சுருக்கத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும்.
குறித்தோம்.
கட்டி வந்த கண், தூங்காத கண்,
அழுது முடித்துக் கண்ணாடி போட்டுக்கொண்ட கண்.
கையுறை போட்ட ஒருத்தி ஒருநாள்
நேராக என்னையே பார்ப்பதுபோல் இருந்தாள்.
அவள் பார்த்தது ரயில் எப்போது வருமென்று.

மார்ச் கடைசியில் ஒரு ஜோடிப் படம்.
இடப்பக்கம் அடையாள அட்டை,
வலப்பக்கம் கவசம் போட்ட ஒரு பெண்.
கீழே கேள்வி: ஒரே ஆளா?
இடப்பக்கத்தில் என் அக்கா, பத்தொன்பது வயதில்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
வலப்பக்கத்துப் புருவத்தில் ஒரு வெட்டு.
அது நான் போட்டது.
கிண்ணத்தை எறிந்ததும் நான்,
பூனை தள்ளிவிட்டதென்று அம்மாவிடம் சொன்னதும் நான்.

ட்சுன்யியிலிருந்து அவள் கிளம்பிப் போய் இரண்டு வருடம்.
அவள் புருஷன் மாதம் தவறாமல் போன் செய்வான்,
முகவரி தெரியுமா என்று.
தெரியாது என்பேன், அது உண்மை.
இப்போது திரையில் இருக்கிறது அவள் முகவரி.
தெரு இல்லை, கதவெண் இல்லை,
ஒரு முகம், அதில் ஒரு வரி.

அவள் கண்கள் இடுங்கியிருந்தன.
உள்ளே சிரிக்கிறாள்போல.
யாரைப் பார்த்து, யின்சுவே?
குடுவையைத் திறந்தேன், மூடினேன்.
'இல்லை' என்று அழுத்தினேன்.

மூன்று மணிக்கு அந்தப் படம் திரும்பி வந்தது.
ஒரே ஜோடியை மூன்று பேர் பார்ப்பார்கள்,
மற்ற இருவரும் 'ஆம்' என்றிருக்கிறார்கள்.
யார் அந்த இருவர்?
ஐம்பத்தொன்பது தலைகள் குனிந்திருந்தன.
ஒருவன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.
அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை,
சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஃபூ நல்லவர், அதட்டவில்லை.
"இதிலெல்லாம் முகதாட்சண்யம் பார்க்காதே,
கண்ணை மட்டும் பார்" என்றார்.
கூலியில் இரண்டு யுவான் பிடித்தார்.

சாயங்காலம் குடையோடு குடியிருப்பு வாசலுக்கு வந்தேன்.
வழக்கம்போல் கவசத்தை இறக்கக் கை எடுத்தேன்.
அதற்குள் கதவு திறந்துகொண்டது.
"வாருங்கள், லியாவ் குய்ஃபென்"
என்றது ஒரு பெண் குரல், என்னைப் பெற்றவள்போல் கனிவாக.
பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்
அடடா எவ்வளவு வசதி என்றார்,
மூக்குக்கு மேலே மகிழ்ச்சியோடு.

உள்ளே போகாமல் நின்றேன்.
கதவு மூடி,
என் கண்ணைப் பார்த்து,
மறுபடி திறந்தது.