பின் இடது

மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.
என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கதவுகளில்
கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்கு
நுனியில் ஒரு குமிழ் இருக்குமே, அதைச் சொல்கிறேன்.
நெல்லிக்காய் அளவு.
வெள்ளை என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்,
ஆறிய பாலில் ஏடு படிந்த நிறம்.

தொழிலால் நான் தணிக்கைக்காரி.
ஊரார் கணக்கில் நாலணா இடித்தாலும்
எனக்குத் தூக்கம் வராது.
என் சொந்த வண்டியிலோ
பின் இடது கதவு மட்டும்
யாருடைய சட்டைப் பொத்தானையோ தைத்துக்கொண்டு
மூன்று வருஷம் என்னையே பார்த்தது.

ஜே.சி. ரோட்டில் பாதிக் கடை எனக்குப் பழக்கம்.
"அம்பாசிடர் இருக்கு மேடம், ஃபியட் இருக்கு.
மூணு நாள் முன்னாடி வந்திருந்தா ஹெரால்டும் இருந்தது."
எல்லாக் கடையிலும் அந்த மூன்று நாள்.

சிவாஜிநகர் குஜிரியில் ஞாயிறு காலை
கார்ப்பரேட்டர், டைனமோ, யாரோ ஒருவரின் பல்செட்
எல்லாம் ஒரே தார்ப்பாயில்.
நான் குனிந்து துழாவுவதைப் பார்த்து
ஒரு பையன் கேட்டான்:
"அக்கா, தோடு தொலைஞ்சிடுச்சா?"

கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் ஒன்று வந்தது.
புதிதாய் வார்த்தது, பிசின் வாசனை.
வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் இனாயத்துல்லா கடையில்,
துருப்பிடித்த ஒரு முழுக் கதவோடு.
கதவை எடுத்தால்தான் குமிழ் என்றார்.
எடுத்தேன். ஆட்டோவில்
கதவு சீட்டில் வந்தது, நான் ஓரத்தில் தொற்றிக்கொண்டு.
கறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன்,
விலையில் இருநூறு கழித்துக்கொண்டார்.

அன்று இரவு நான்கும் வெள்ளை.
பின் சீட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஓர் உறை.
வண்டியின் முதல் சொந்தக்காரர்,
தங்கவயலில் மருந்தாளராயிருந்த ஆசீர்வாதம்.
அவர் மகள் ஹெப்சி எழுதியிருந்தார்:
அப்பாவின் பைபிளுக்குள் இருந்தது, உங்களுக்கு உதவுமா?

டெலிவரி சீட்டு. ஊதா கார்பன் நகல்.
ஸ்டெப்னி ஒன்று. ஜாக்கி ஒன்று. சாவி இரண்டு.
அதற்கும் கீழே, இடமில்லாமல்
குமாஸ்தா நெருக்கி எழுதிய வரி:
பின் இடது குமிழ் கறுப்பு. இருப்பு இல்லை.
வெள்ளை வந்ததும் மாற்றித் தரப்படும்.

அரை நூற்றாண்டுக்கு மேல்
நிலுவையில் கிடந்த ஒரு வாக்கைத்
தீர்த்துவைத்திருக்கிறேன் போலும்.
அதே கையால்
வண்டி பிறந்தபோது அதன் உடம்பில் இருந்ததைப் பிடுங்கி
இருநூறு ரூபாய்க்கு விற்றும் இருக்கிறேன்.
எந்தப் பத்தியில் எழுதுவது இதை?

மறுநாள் மழை.
இனாயத்துல்லா ஒரு டால்டா டின்னைக் கவிழ்த்தார்.
எல்லாம் கறுப்பு.
"இதுல எது உங்களுது?"
கண்ணுக்குத் தெரியவில்லை.
ஒவ்வொன்றாய்க் கட்டைவிரலால் தடவினேன்.
பின் இடது கண்ணாடி எப்போதும் பாதியில் சிக்கும்,
அழுத்தி அழுத்தி
என் விரல் அதை மனப்பாடம் செய்திருந்தது.
பதினெட்டாவதின் ஓரத்தில்
நகம் மாட்டும் அந்தச் சின்னச் சில்லு.

"ஐநூறு," என்றார்.
"இருநூறுக்குத்தானே எடுத்துக்கிட்டீங்க?"
"அப்போ அது டூப்ளிகேட் மேடம்.
இப்போ மழையில நனைஞ்சு தேடி வந்திருக்கீங்களே,
ஒரிஜினல்."

நானூற்றைம்பது.

வாசலிலேயே மாட்டினேன்.
பாதியில் நின்றது கண்ணாடி,
கொஞ்சம் கெஞ்சவிட்டு மேலே போனது.
வெள்ளையையும் சீட்டையும்
டேஷ்போர்டு அறைக்குள் வைக்கும் முன்
குமாஸ்தாவின் வரிக்குக் கீழே
என் பச்சை மையில் எழுதினேன்:

வெள்ளை வந்து சேர்ந்தது.
மாற்றவில்லை.

தேதி. சுருக்கொப்பம்.