சுத்தியலா, ஆப்பா

வலிக்கவில்லை என்றாள்.
அதுதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது.

எனெரெல், ஏழு வயது,
நலாய்க்கிலிருந்து பேருந்தில்,
அடிபட்ட நான்காம் நாள்.
கண்ணில் தூசி என்று சீட்டில் எழுதியிருந்தது.
அங்கே எல்லாமே தூசிதான்.
பனியே கறுப்பாகத்தான் கிடக்கும் கரிச்சுரங்க ஊர்.
அம்மா தேநீரை ஆறவைத்து
கண்ணைக் கழுவிவிட்டிருக்கிறாள்,
மூன்று வேளையும்.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.
கருவிழியின் ஓரத்தில் ஊசிமுனைக் கீறல்.
பாப்பா வட்டமாக இல்லை;
யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல
ஒரு பக்கம் நீண்டிருந்தது.

எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளி.
டாக்டர் பூரெவ் பேனாவால் தொட்டுக் காட்டினார்.
அரைக் கடுகு.
கண்ணை இமை காக்கும் என்பதெல்லாம்
காற்றுக்கும் கொசுவுக்கும்.
இரும்பு வரும் வேகத்தில்
இமைக்குச் சேதியே போய்ச் சேராது.

காந்தம் வைத்து எடுத்தோம்.
கிண்ணத்தில் ஒரு சின்ன டிக்.
கழுவிக் குப்பியில் போட்டு
பெயர், தேதி, இடக்கண் என்று ஒட்டினேன்.

மறுநாள் வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டார்:
மாவுச்சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு ஒரு பையன்,
உள்ளே விடமாட்டேன் என்றால்
திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறான்.

தெமூலென். பன்னிரண்டு வயது. அண்ணன்.
சாக்கில் ஒரு சுத்தியல், ஓர் இரும்பு ஆப்பு.
உறைந்த கரிக்கட்டியைப் பிளந்தவன் அவன்.
தள்ளி நில் என்றானாம்.
எத்தனை அடி என்று சொல்லவில்லையாம்.

"எதிலிருந்து தெறிச்சதுன்னு பார்க்கணும்."

சுத்தியலை அடித்தது அவன் கை.
ஆப்பு, அப்பா வாங்கிப் போட்டது;
மூன்று குளிர்காலமாக வீட்டுப்பக்கம் வராத அப்பா.
அவன் எதைக் கேட்கிறான் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

படிக்கட்டில் உட்கார்ந்தோம்.
சுத்தியலின் விளிம்பில் பொரிந்த இடங்களை
விரலால் தடவி எண்ணினான், பதினொன்று.
ஆப்பின் தலை காளானாய் விரிந்து
சுற்றிலும் கிழிந்திருந்தது; அதை எண்ண முடியாது.
இடுக்கியால் துணுக்கை எடுத்து
ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன்.
வைத்த இடத்திலெல்லாம் நழுவியது.
பொருந்துவதற்கும் ஓர் அளவு வேண்டும்,
அதற்கு அந்த அளவு இல்லை.

"ஆப்புதானே?" என்றான்.
நான் குப்பியை மூடினேன்.

மேலே கட்டு அவிழ்க்கும் நேரம்.
நல்ல கண்ணை என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு
அவனையே விரல் காட்டச் சொன்னேன்.
இரண்டு விரல்.
நடுங்கிய நடுக்கத்தில் எனக்கே நான்காகத் தெரிந்தது.

"வெளிச்சம்" என்றாள் எனெரெல்.
பிறகு,
"ஏதோ ஆடுது."

அவன் கையை இறக்கவில்லை.