ஒரு சாண்

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் ஏலம் ஏழு மணிக்கு.
நெவில் நாலுக்கே எழுந்துவிடுவான்.
கொதிகலன் முனகும் பின்னறையில்
கிழக்கு நோக்கி நின்று
காற்றில் ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்றை
மீன் அரியும் கத்தியால் வரைவான்.
விதிப்படி வாள் வேண்டும்.
வாளுக்கு வழியில்லை.
இந்தக் கத்தியையே உப்பும் தண்ணீரும் தெளித்து
மூன்று பௌர்ணமி காட்டித் தேற்றியிருந்தான்.

கிழக்கில் ரஃபேல், அங்கே வடகடல்.
மேற்கில் கேப்ரியேல், பாவம்,
துணிக்கொடிக்கும் கொதிகலனுக்கும் இடையே.
எபிரேயப் பெயர்களை
லிங்கன்ஷயர் தொண்டை இழுத்து அதிரவிடும்.
பெயரில்லாதவை, பாதி உருவானவை,
வாடகை தராமல் ஒண்டிக்கொண்டவை எல்லாம்
நாற்றிசையும் தெறித்தோட வேண்டும் என்பது ஏற்பாடு.

இரவு எட்டுக்கு அதே அறை க்வெண்டாவுடையது.
பள்ளிச் சமையலறையில் நானூறு தட்டு கழுவிய கை
மடியில் மல்லாந்து கிடக்கும்.
நீல மெத்தை. வெண்கல மணி.
ஓசை தேய்ந்து தேய்ந்து
எங்கே முடிந்ததென்று தெரியாத இடத்தில் மூச்சு.
பிறகு அவளும் நாற்றிசைக்கும் திரும்புவாள்,
உடம்பு அசையாமல்:
அங்கிருப்பவை பகையற்று இருக்கட்டும்,
வாயுள்ளவையும் வாயில்லாதவையும்,
உருவம் எடுக்க இன்னும் மனம் வராதவையும்.

இருபத்திரண்டு வருடம்
இந்தக் கணக்கு இருவருக்கும் உறைக்கவில்லை.
விடியலில் அவன் எதை விரட்டினானோ
அதைத்தான் இரவில் அவள் வாழ்த்தினாள்.
அந்த ஜீவனின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.
பகலெல்லாம் துறைமுகத்தில்
ஐஸ் பெட்டிகள்மேல் குந்தியிருந்துவிட்டு
எட்டு மணிக்கு வீடு திரும்பும்,
ஷிஃப்ட் முடிந்த ஆள்போல.

பெண்ணென்றால் பேயும் இரங்கும் என்கிறது பழமொழி.
பேயென்றால் இரங்கும் பெண்ணைப் பற்றி
அது ஒன்றும் சொல்லவில்லை.

சண்டை வராமல் இல்லை.
"நீ உன்னை ஊதிப் பெருக்குகிறாய்" என்பாள்.
"நீ உன்னைக் காற்றிறக்குகிறாய்,
பங்சர் கடைக்காரனுக்கு இரண்டும் ஒரே டியூப்" என்பான்.
ஒருநாள் கத்தி அரிந்த மீன்களுக்காக மணியடித்தவள்
போகிற போக்கில் கத்திக்கும் சேர்த்து அடித்தாள்.
கூர் போய்விட்டதென்று
ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

போன நவம்பரில் அவனுக்கு முழங்காலில் அறுவை.
மறுநாளே கொதிகலன் ஒழுகியது.
தரைவிரிப்பைச் சுருட்டினாள்.
அடியில், பலகைமேல்,
படகுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டம்,
வருடா வருடம் மேலே மேலே பூசித் தடித்தது.
அறையின் நடுவில் இல்லை.
சன்னலோரம்,
அவள் மெத்தை கிடக்கும் இடத்தைச் சுற்றி.

வட்டம் மூடியிருக்க வேண்டும்,
மயிரிழை விட்டாலும் வேலைக்காகாது என்று
கல்யாணமான வாரத்திலேயே பாடம் எடுத்தவன்
கதவுப் பக்கம் ஒரு சாண் விட்டிருந்தான்.
தூரிகை தவறிய இடமல்ல.
இரண்டு முனையும் வழித்து நேர்செய்யப்பட்டிருந்தன.

இரவு போன் செய்தான்.
"விரிப்பு நனைஞ்சுதா?"
"நனைஞ்சுது."
"எடுத்துட்டியா?"
"எடுத்துட்டேன்."
அவன் பக்கம் ஏதோ தள்ளுவண்டி
கடகடத்துக் கடந்தது.
"மெத்தையக் காய வை" என்றான்.

நாலு மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்தது.
யாரையும் யாரும் விரட்டாத விடியல்.
வீடு கொஞ்சம் நெரிசலாய் இருப்பதுபோல் பட்டது,
கொதிகலன் அணைந்திருந்ததாலும் இருக்கலாம்.
கத்தி அலமாரியில் இருந்தது. எடுக்கவில்லை.
காயாத மெத்தையை மட்டும் அதன் இடத்தில் போட்டாள்.

வெறும் பெயிண்ட்தான், மிதித்தால் ஒன்றும் ஆகாது.
இருந்தும் கதவுப் பக்கம் சுற்றிவந்து
பாதத்தை ஒருக்களித்து
அந்த ஒரு சாண் வழியாக உள்ளே போனாள்.
பின்னால் வருவதற்கு இடம் விட்டு
சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.