பற்று எழுதாத பறவை

கோனாபட்டு. சித்திரை. பகல் பதினொன்று.
பெட்டியைத் திறக்குமுன்
கையுறை மாட்டிக்கொள்கிறேன்.
அந்தக் காலத்துத் தோல்களில்
ஆர்சனிக் இன்னும் உயிரோடு இருக்கும்.
வேறெதுவும் இருக்காது.

நாற்பத்தொரு பறவைகள்.
மல்லாந்து, கால்கள் பின்னி,
கண்ணிருந்த இடத்தில் பஞ்சு.

"இதுக்கு விலை ஏதும் உண்டா?"
எட்ட நின்றே கேட்கிறார் உமையாள்.
வீட்டுக்கு முன்பணம் வாங்கியாயிற்று.
ஆடிக்குள் காலி செய்ய வேண்டும்.

சேர்த்தவர் பெயர் வயிரவன்.
பர்மாவில், கலோ மலையூரில்,
வட்டிக்கடை அடுத்தாள்.
மூன்று வருடச் சம்பளம் பேசிக் கப்பலேறியவர்.
ஞாயிறுதோறும்
இரவல் துப்பாக்கியோடு பைன் சரிவில் ஏறியிருக்கிறார்.
சீட்டுகளிலும் அதே பேரேட்டு எழுத்து:

"பற்று மின்சிட்டு ஆண் ஒன்று.
பைன் உச்சி. பனி விலகவில்லை.
தோட்டா அணா ஒன்றரை.
வயிற்றில் பச்சைப்புழு நாலு."

"பற்று பெயர் தெரியாதது ஒன்று.
வெள்ளை முகம், சிறகில் நீலக் கட்டம்.
ஓக் கொட்டையை மண்ணில் புதைத்துவிட்டு
திரும்பிப் பார்த்தது.
புதைத்த இடம் இனி எனக்கு மட்டும் தெரியும்."

அளக்கிறேன்.
சிறகு நூற்று எழுபத்தொரு மில்லிமீட்டர்.
அந்த மலைக்கு நான் போனதில்லை.
அதன் கால்விரலில், பிசினில் ஒட்டியபடி,
ஒரேயொரு ஊசியிலை.
மோந்து பார்க்கக் கூடாது,
விஷம்.
பார்த்தேன்.

வரவுப் பத்தி
எல்லாச் சீட்டிலும் காலி.

கடைசிப் பறவைக்கு
மணல் நிறம், வளைந்த அலகு,
சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டை.
கொண்டை மடங்கிக் காகிதம்போல் ஒட்டிக்கிடக்கிறது.
சீட்டில் தோட்டா விலை இல்லை.
வயிற்றைத் திறந்ததாகவும் இல்லை.

"தெரிந்த பறவை.
கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது.
பற்று எழுதவில்லை."

உமையாள் முதல்முறையாகக் கிட்டே வருகிறார்.
"அட, கொண்டலாத்தி.
கார் ஷெட்டுக்குப் பின்னால
புழுதியைக் கொத்திக்கிட்டு நிக்குமே.
இதுக்கா அவ்வளவு தூரம் போனாரு?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
படிவத்தில் 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கலோ என்றுதான் எழுதினேன்.

பெட்டியின் அடியில்
நூல் கோத்து, முடிச்சிட்டு,
நாற்பத்திரண்டிலிருந்து அறுபதுவரை
எண் மட்டும் போட்ட சீட்டுகள்.
அவற்றையும் பட்டியலில் சேர்த்தேன்:
வெற்றுச் சீட்டு, பத்தொன்பது.
நிலை: நன்று.