மூன்றாம் குழு

காலை ஆறேகாலுக்கு ஊசி.
வெறும் வயிறு, இடது கை, மஞ்சள் மூடிக் குழாய் இரண்டு.
தருமபுரி அரசு மருத்துவமனையின் பழைய கட்டடத்தில்
ரத்தம் எடுப்பவள் நான்.
என் எடையை யாரும் கேட்கவில்லை.
எழுபத்தொன்பது.

ஆராய்ச்சிக்கு அறுபது பேர், எல்லாரும் பருத்தவர்கள்.
இருபது பேர் மூச்சு வாங்க நடக்க வேண்டும்.
இருபது பேர் இரும்பு தூக்க வேண்டும்.
மிச்ச இருபது பேர் சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருக்கவும் கையெழுத்து உண்டு,
வந்துபோகப் பேருந்துக் காசு உண்டு.

தீர்த்தகிரி நடக்கும் குழு.
தொப்பூர்க் கணவாயில் இருபது வருடம் லாரி இறக்கியவர்.
மைதானத்தைச் சுற்றும்போதும் வளைவு வந்தால்
இடது கை கியரைத் தேடுதுங்க மேடம் என்பார்.
பத்திரப்பதிவு எழுத்தர் மாதேஷ் இரும்புக் குழு;
முதல் வாரம் கையெழுத்தே கோணலாகிப் போனது.

லெப்டின் என்று ஒன்று.
கொழுப்பே அதைச் சுரந்து அனுப்புகிறது,
மூளையிடம் போய் 'போதும்' என்று சொல்ல.
கொழுப்பு கூடினால் அதுவும் கூடும்,
அது கூடக் கூட மூளைக்குக் காது மந்தம்.
டாக்டர் ஷமீமா இதை விளக்கியபோது
எங்கள் வீட்டு மிக்சிதான் நினைவு வந்தது.
அது ஓடும்போது எல்லோரும் கத்துகிறோம்.

பன்னிரண்டாம் வாரம் எண்கள் வந்தன.
நடந்தவர்களுக்கு இன்சுலின் இறங்கியிருந்தது,
லெப்டினும் கொஞ்சம் குரல் தாழ்த்தியிருந்தது.
இரும்புக்காரர்களுக்கும் இறங்கியிருந்தது,
எடை மட்டும் அசையவில்லை;
மாதேஷ் தராசைக் காலால் தட்டிப் பார்த்தார்.
சும்மா இருந்தவர்கள் சும்மாவே இருந்தார்கள்,
ஐம்பத்திரண்டாம் எண்ணைத் தவிர.

ஐம்பத்திரண்டு, சாலம்மா.
ஜவுளிக்கடையில் பில் போடுபவள், நாற்பத்து நான்கு வயது.
அவள் இன்சுலின் எல்லோரையும் விடக் கீழே கிடந்தது.
குழாய் மாறிவிட்டதா என்று என்னைப் பார்த்தார்கள்.
மாறவில்லை. அவள் நரம்பு எனக்குத் தெரியும்,
மூன்றாம் குத்தலில்தான் கிடைக்கும்.

சும்மா இருக்கச் சொன்னோமே அம்மா என்றார் டாக்டர்.
சும்மாதான் இருந்தேன் என்றாள்.
பிறகு யோசித்து,
குடியிருப்பில் மோட்டார் எரிந்துபோச்சு, ரெண்டரை மாசம் என்றாள்.
நாலு நாளைக்கு ஒருமுறை ஒகேனக்கல் தண்ணீர்,
தெருக்குழாயில், விடியுமுன்.
மூணாவது மாடி. ஐம்பத்து நாலு படி.
ஒரு தடவைக்குப் பன்னிரண்டு குடம், இடுப்பில்.
படிவத்தில் உடற்பயிற்சி என்ற இடத்தில்
இல்லை என்று எழுதியிருந்தாள்.
பொய்யில்லை.
அது வேலைதானே.

அது நடையா, எடையா?
டாக்டர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.
இரண்டுக்கும் சேர்த்து எங்களிடம் கட்டமில்லை.
கார்ட்டிசால் ஏட்டைப் புரட்டினோம்.
அது மட்டும் இறங்கவில்லை, ஏறியிருந்தது.
தண்ணீர் வரும் நாளில்
மூன்று மணிக்கே விழித்துக் குழாயடியில்
வரிசைக்குக் காத்திருந்த ரத்தம்.
இன்சுலின் உழைப்பைக் கணக்கில் எழுதியது;
இது தூக்கத்தை எழுதியிருந்தது.

சிவப்புக் கோடு ஒன்று.
இனி ஐம்பத்தொன்பது பேர்.
அவள் குழாயை வீச மனமில்லாமல்
உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்தேன்,
எதற்கென்று கேட்டால் பதிலில்லை.

பேருந்துக் காசை எண்ணிக் கொடுக்கையில் கேட்டேன்,
மோட்டார் சரி பண்ணிட்டாங்களா?
போன வெள்ளிக்கிழமைதான் என்றாள்.
அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஏறியது
எந்த ஹார்மோன் என்று எனக்குத் தெரியவில்லை.
அதற்கு நம்மிடம் கிட் கிடையாது.