வண்டி வாரியாக

சேர்ந்த முதல் வாரம்
அகர வரிசையில் அடுக்கினேன்.
அடுத்த வாரம் கிராம வாரியாக.
அப்புறம் பொருள் வாரியாக:
பட்டா மாறுதல், வாரிசு, வருமானம், இதர.
மஞ்சூருக்கு எதுவும் ஒத்துவரவில்லை.

இங்கே மனு கொடுப்பவர்
என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்பதில்லை.
"எமரால்டு வண்டிக்குள்ள ஆயிருமா?"
அவ்வளவுதான்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்
டைம் கீப்பர் இருதயராஜிடம்
அட்டவணையைக் கேட்டு வாங்கி
பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினேன்.
ஐந்து வண்டி, ஐந்து ட்ரே.

பத்தே முக்கால், அப்பர் பவானி.
கரண்ட் இருக்கும்போதே பிரிண்ட் எடுக்க வேண்டியவை.
பன்னிரண்டு பத்து, குந்தா பாலம்.
கையெழுத்து மட்டும் பாக்கி;
தாசில்தார் டீ டம்ளரைக் கீழே வைத்து
போனைக் கையிலெடுக்கும் இடைவெளிக்கு உரியவை.
ஒன்றரைக்கு எமரால்டு.
இரண்டரை, கெத்தை வழி கோயம்புத்தூர்:
விடுதி கேட்கும் பிள்ளைகளின் தாள்கள்,
மடிக்காமல், உறையில்.
நாலு ஐம்பது, கிண்ணக்கொரை, கடைசி.

எல்லாவற்றுக்கும் சீல் மூன்று மணிக்குள்.
மூன்றுக்கு மேல் மஞ்சு உள்ளே வரும்,
நம்பர் கூப்பிடாமலே.
காகிதம் பழைய அப்பளமாய் நமுத்துவிடும்.
அதில் சீல் குத்தினால்
கோபுரம் கரைந்து
குன்றாகிவிடுகிறது.

தணிக்கைக்கு ஊட்டியிலிருந்து வந்தவர்
ட்ரேக்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"எந்த ஆணைப்படிம்மா இது?"
"போக்குவரத்துக் கழகம் சார்."
சிரிக்கவில்லை.
முறையற்ற அடுக்கு என்று எழுதினார்.
கீழே, நிலுவை மூன்று என்றும் எழுதினார்.
எழுதியபடியே மணி பார்த்தார்.
அவருக்கும் ஒரு வண்டி இருந்தது.

மூன்றில் இரண்டு, அண்ணன் தம்பி வழக்கு;
கோர்ட்டு சொல்லாமல் நகராது.
மூன்றாவது ரங்கி.
புருஷன் பெயரில் வாரிசுச் சான்று.
அவள் ஊருக்கு வண்டி கிடையாது,
ஆகவே ட்ரேயும் கிடையாது.
மூன்று தடவை வந்தாள்,
மூன்று தடவையும் மஞ்சு இறங்கிய பிறகு.
"நாளைக்கு வாங்க" என்று சொன்னது
வேறு யாருமில்லை, நான்தான்.
நாளை என்பது அவளுக்குப்
பதினொரு கிலோமீட்டர்.

ஆறாவது ட்ரேக்கு இண்டென்ட் போட்டால்
மார்ச் முடிந்துதான் வரும்.
அவள் ஃபைலை எடுத்து
என் சாப்பாட்டு டப்பாமேல் வைத்தேன்.
அதைத் தூக்காமல் டப்பா திறக்காது.
முதல் நாள் பசியோடு மேல் அறைக்கு ஓடினேன்,
அவர் மீட்டிங்கில்.
இரண்டாம் நாள் வி.ஏ.ஓ. அறிக்கையில் ஒரு பெயர் பிழை.
திருத்தி வரும்வரை
மிக்சர் பாக்கெட்டில் ஓட்டினேன்.

இன்று ஒன்றே காலுக்குக் கையெழுத்து.
ஒன்று இருபதுக்குச் சீல்,
வெயில் படும் ஜன்னல் திட்டில் வைத்து.
ஒரு கல்லும் பிசகாமல் நின்றது கோபுரம்.
அப்புறம் சாப்பிட்டேன்.

மூன்று இருபது.
எதிர்த்த டீக்கடை போர்டில் பாதி எழுத்தைக் காணோம்.
ரங்கி இன்னும் வரவில்லை.
டப்பாவைக் கழுவி, துடைத்து,
முந்தானையால் மறுபடி துடைத்து,
சான்றைச் சுருட்டி உள்ளே வைத்து மூடினேன்.

கொஞ்சம் எலுமிச்சை வாசம் இருக்கும்.
யாராவது கேட்டால்
இதர.