சத்தமில்லாத ஒன்று

அலுமாரியின் இடது கதவு
மேல்மூலையில் இரண்டு விரற்கடை வெளியே நிற்கிறது.
இரணைமடுவின் வான்கதவுகளை ஒருமிக்கத் திறந்த மார்கழியில்
முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக்குள்
முழங்காலளவு நின்றுவிட்டுப் போன வெள்ளம்.
நனைந்தது கீழே,
முறுக்கிக்கொண்டது மேலே.
வலது கதவு இன்னும் நேர்தான்.
ஒரே மரம், ஒரே தச்சன், ஒரே தண்ணீர்.

கலண்டர் மட்டையை மடித்துச் செருகினேன், ஒரு வாரம்.
கதிரையை முட்டுக்கொடுத்தது மூன்று நாள்.
கயிறு கட்டலாம் என்றார் ரூபகாந்தன்.
ஆட்டுக்குக் கட்டுகிற கயிறு.
அலுமாரிக்கும் ஒரு மரியாதை இருக்குது என்றேன்.

இரவில்தான் அது திறக்கும்.
காற்றில்லை, எலியில்லை.
பகற்சூட்டில் நெளிந்த பலகை
குளிரில் தன்பாட்டில் ஒரு நூலளவு அசையும்,
பிணைச்சல் முனகும்,
ரூபகாந்தன் எழும்பி உட்கார்ந்துவிடுவார்.
உட்கார்ந்தால் விடியும்வரைதான்.
நான் விளக்கைப் போடுவதில்லை.
"அலுமாரி" என்பேன்.
"தெரியும்" என்பார்.

பரந்தன் சந்தியில் தவநேசனின் ஹாட்வெயார்.
சீமெந்துப் பை எண்ணிக்கொண்டிருந்தவர்
பாதியில் விட்டுவிட்டு வந்து
ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்.

காந்தம். "நல்ல பிடி அக்கா, நூற்றியெண்பது."
துண்டுப் பலகையில் பொருத்திக் காட்டினார்.
டக்.
பித்தளைக் குண்டு, உள்ளே வில்;
அழுத்தினால் பின்வாங்கும், விட்டால் மாட்டும்.
கிளிக்.
என் கை தானாக நீண்டு அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும்.
இரண்டாம் முறை அவர் அழுத்தவில்லை.

உருளை வைத்தது மெதுவாகத்தான் போனது,
ஆனால் அதற்குக் கதவு நேராயிருக்க வேணுமாம்.
"நேரெண்டால் நான் ஏன் வாறன்?"
திறாங்கு புதிதிலேயே கிறீச்சிட்டது.
கொளுக்கி தொங்கும், தொங்கினால் ஆடும்,
ஆடினால் தட்டும்.

தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.
கதவுப்பிடிக்குக் காது கொடுத்தது இதுதான் முதல்.
கண்ணை மூடிக்கொண்டு
"எல்லாத்தையும் திரும்ப ஒருக்கா" என்றேன்,
"அந்தப் பித்தளையை விட்டுட்டு."
பின்னால் நின்ற பொடியன் வயரோ பல்ப்போ கேட்டான்.
"பொறு தம்பி" என்றார் தவநேசன்.

வீட்டில் யாருக்கு நித்திரை குறைவென்று
அவர் கேட்கவில்லை.
உள்ளே போய்
விலைச்சீட்டு ஒட்டாத ஒன்றைக் கொண்டுவந்தார்:
பெருவிரல் நீளத்தில் முதிரைத் துண்டு,
நடுவில் துளை,
அடியில் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டியது.
குறுக்கே திருப்பினால் பூட்டு,
நெடுக்கே திருப்பினால் திறப்பு.
"என்ரை வீட்டிலையும் இதுதான் போட்டிருக்கு.
எல்லாக் கதவுக்கும்."
ஸ்குரூவுக்கு மட்டும் பத்து ரூபா எடுத்தார்.

வளைந்த மூலையை நான் தோளால் அமத்தினேன்,
ரூபகாந்தன் முறுக்கினார்.
முதலில் இறுக்கம் கூடித் திரும்ப மறுத்தது,
தளர்த்த, விழுந்து தொங்கியது.
கால் சுற்று. அதிலும் பாதி.
மேலே ஒட்டிவிட்டது.
கீழே இப்போது ஒரு விரற்கடை விட்டிருக்கிறது,
பல்லிக்குப் போதும்.

மாரியில் பலகை ஊதும், தளர்த்த வேண்டும்.
பங்குனியில் இறுக்க வேண்டும்.
வான்கதவுக்குத் தண்ணீர் மட்டம் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள்.
இதற்கு நானும்,
அரிசிவாளிக்குப் பக்கத்தில் ஒரு திருப்புளியும்.

அன்றிரவு இரண்டு மணிக்கு எனக்குத்தான் விழிப்பு வந்தது.
வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
அவர் புரண்டு படுத்தார்.
"அலுமாரி" என்று சொல்ல வாயெடுத்து
அப்படியே கிடந்தேன்.